பேப்பரில் வந்த முகம்

சவுதியில், அல் கோபாரில் நான் வேலை பார்க்கும் ஆங்கிலப் பத்திரிகையில் வியாழன்தோறும் இந்த ஊரின் வரலாற்றுக்கு ஒரு பக்கம் உண்டு. அதை நிரப்புவது என் பொறுப்பு. எண்ணெய் தேடி வந்தவர்கள், முதல் ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர், முதல் போட்டோ ஸ்டூடியோக்காரர், இங்கே தொடங்கி இங்கேயே மூடிப்போன பழைய செய்தித்தாள்கள் என்று வாரத்துக்கு ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் கோட்டு சூட்டுப் படங்கள். நம் ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரைக் கட்டியவன் ஒருத்தன், படத்தில் நிற்பவன் இன்னொருத்தனா?

நம்மவர்களில் பெரிய மனிதர் யார் என்று தொழிலாளர்கள் தங்கும் எந்த கேம்ப்பில் கேட்டாலும் ஒரே ஆளைத்தான் சொல்வார்கள். அரியலூர்ப் பக்கத்துக்காரர், பைப் ஃபிட்டர். தமிழன் யாராவது இங்கே இறந்துபோனால் முதல் போன் அவருக்குத்தான் போகும். டூட்டி முடிந்ததும் மார்ச்சுவரிக்குப் போய், அடையாளம் காட்டி, அலைந்து கையெழுத்துகள் வாங்கி, பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வார்.

"எழுதிக்க தம்பி. நம்ம ஊர்ல யாரு இங்கிலீஷ் பேப்பர் படிக்கப் போறாங்க? ஆனா போட்டோ மட்டும் வேண்டாம்" என்றார்.

"முகம் இல்லாம எப்படிண்ணே? அந்த டாக்டர் முகத்தைப் போட்டோம்ல?"

நச்சரித்து நச்சரித்து வாங்கிவிட்டேன். அவரிடம் இருந்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்தான். அதையே பெரிதாக்கிப் போட்டேன்.

வியாழன் காலை பேப்பர் வந்தது. டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருடைய போன்.

"தம்பி, எம் பாப்பா கல்யாணம் நின்னுடும் போலிருக்கு."

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டு ஓடிப்போன ஆளின் பாஸ்போர்ட் படத்தைப் பேப்பரில் போட்டு, இவரோடு யாரும் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். கேம்ப்பில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த முகத்தைப் பேப்பரில் பார்த்ததெல்லாம் அப்படித்தான். என் பக்கத்தை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது பக்கத்து நகரமான ஜுபைலில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் போயிருக்கிறது. பெண்ணின் அப்பா கம்பெனியை விட்டு ஓடிவிட்டார் என்று அவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். அங்கே அழைப்பிதழ் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் ஜன்னலுக்குப் போனேன். தலைப்பு என்ன என்றாவது ஒருத்தன் யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? பொழுது சாய்ந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு ஜுபைலுக்குக் காரை விரட்டினேன். நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

தாய்மாமன் ரூமில் அதே பேப்பரின் விளம்பரப் பக்கத்தை விரித்தேன்.

"ஓடிப்போன ஆளுங்க இங்கதான் இருப்பாங்க. கீழே கம்பெனி போன் நம்பர் இருக்கு பாருங்க. அண்ணன் படத்துக்குக் கீழ அப்படி ஏதாவது இருக்கா?"

தாய்மாமன் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவரைப் பத்தி என்னதான் எழுதியிருக்கு?" என்றவர், மாப்பிள்ளையின் அப்பாவையும் அண்ணனுடைய மனைவியையும் ஒரே போன் காலில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அண்ணன் என் கையைப் பிடித்தார். "புரிஞ்சிடுச்சுல்ல தம்பி, படிக்கிறதெல்லாம் வேண்டாம். விடு."

தன்னடக்கம் என்று நினைத்தேன். வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மார்ச்சுவரி, அழுகிப்போன உடல்கள், தூக்க ஆள் வராதபோது அவரே தூக்கிப் பெட்டியில் வைத்தது. நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில், அப்பா இங்கே பிணம் தூக்குகிறார் என்று யார் சொல்வார்கள்?

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தி, காலையில அச்சாபீஸ்ல அடிக்கச் சொல்லிடுறேன்" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அண்ணனுடைய மனைவி மட்டும் லைனில் இருந்தார்.

"ஏங்க."

"சொல்லு."

"போன் பண்ணா, குளிச்சிட்டுக் கூப்பிடுறேன், குளிச்சிட்டுக் கூப்பிடுறேன்னு வைப்பீங்களே. அது இதுக்குத்தானா?"

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் என்னென்னமோ நெனச்சு அழுதிருக்கேங்க."