அம்மாவின் ஜெல் பாலிஷ் கழன்ற நாள்

எங்கள் வீட்டில் எதையும் முடியாது என்று விட்டுவிடும் வழக்கம் கிடையாது. டப்பா மூடி திறக்கவில்லை என்றால் அம்மா அதைக் கதவிடுக்கில் கொடுத்துத் திருகுவாள். என் சட்டையில் மை கொட்டினால் அப்பா, தான் வேலை பார்த்த திருத்தங்கல் அச்சகத்திலிருந்து ஏதாவது ஒரு திரவத்தைக் கொண்டுவந்து, மையோடு சேர்த்துச் சட்டையில் இருந்த பூவையும் எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரு நகப்பூச்சிடம் தோற்றுப்போனதை நான் நான்காம் வகுப்பில் படிக்கும்போது பார்த்தேன்.

பூச்சைப் போட்டுவிட்டவள் சித்தி, அம்மாவின் தங்கை. மதுரையில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு விட்டிருந்த சமயம், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு குட்டி விளக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்திறங்கினாள். ஜெல் பாலிஷைப் பூசி அந்த விளக்கின் நீல வெளிச்சத்தில் காட்டினால் நகத்தோடு நகமாக இறுகிவிடும், சாதாரணப் பாலிஷ் போல உரியாது என்றாள். பழகிப் பார்க்க அவளுக்குக் கை வேண்டும். என் நகங்கள் ரொம்பச் சின்னவை. ஆகவே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கம்பி மத்தாப்பு போடும் கம்பெனியில் இருந்தாள். சீசன் முழுக்க அலுமினியப் பொடியில் புழங்கி அவள் விரல்கள் வெள்ளி முலாம் பூசியவை போல இருக்கும். புளி, சோப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்களில் ஒரு சாம்பல் கோடு தங்கிவிடும்.

"எனக்கு எதுக்கு புள்ள இதெல்லாம்? பாக்கவுக சிரிப்பாக."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ கைய நீட்டுக்கா."

நீட்டினாள். மெரூன் நிறம். அந்தச் சாம்பல் கோடு அதற்குள் மறைந்துபோனது. சிரிப்பார்கள் என்று சொன்னவள் மறுநாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிறைகிற வரைக்கும் விரல்களை விரித்துக் குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தபோதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். நான் அவள் மகள் என்று எல்லோருக்கும் தெரியும்படி நானும் பக்கத்திலேயே நின்றேன்.

அதே லீவில்தான் அம்மாவின் வயிற்று வலிக்கு விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். உள்ளே ஒரு கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முழங்காலில் முந்தின வருஷம் ஒரு கட்டி வந்து, மாத்திரையிலேயே உடைந்து ஆறியிருந்தது. கட்டி என்றால் அவ்வளவுதான் என்று நினைத்தேன். தெருவில் கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ரத்தம் எடுக்கப் போனபோது நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஆபரேசன் தியேட்டருக்கு வாரப்ப நகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. விரல்ல கிளிப் மாட்டுவோம், மூச்சு ஒழுங்கா இருக்கான்னு அதுலதான் பாப்போம். நகத்தோட நெறமும் எங்களுக்குத் தெரியணும். சுத்தமா எடுத்துட்டு வாங்க."

"அதுக்கென்ன, இன்னைக்கே எடுத்துருவோம்" என்றார் அப்பா.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பேன்சி ஸ்டோரில் ஒரு ரிமூவர் பாட்டில் வாங்கினோம். வீட்டுக்கு வந்து தேய்த்தால் பஞ்சுதான் கிழிந்தது, மெரூன் இன்னும் பளபளவென்று மின்னியது. அம்மா சும்மா இருப்பாளா? பிளேடை எடுத்தாள். வலது கட்டை விரலில் ஓரமாகக் கீறி, நெம்பி இழுத்தாள். பூச்சு வந்தது. கூடவே நகத்தின் மேல்படலமும் வந்தது. அடியில் வெள்ளையாக, சொரசொரவென்று, அமுக்கினால் வலிக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்குப் புளி கரைத்தபோது சுரீரென்று எரிந்து, அம்மா கையை உதறியதில் சுவரெல்லாம் புளித்தண்ணீர்.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஒரு பாட்டிலோடு வந்தார். அச்சு மெஷினின் உருளைகளைக் கழுவுகிற திரவம். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தும்மல் வந்தது.

"எம்புட்டு இங்க்க எடுக்குது! இதுக்கு உன் நகம் எம்மாத்திரம்?"

அம்மா கையை நீட்டவில்லை. அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகத்தைப் பார்த்தேன். "ஆபரேசன் தேதி தள்ளிப்போயிருமோ?" என்று கேட்டாள். அப்பா பாட்டிலை மூடிவிட்டுச் சித்திக்குப் போன் போட்டார்.

சித்தி மறுநாள் காலை பஸ்ஸில் வந்தாள். வந்ததும் கட்டை விரலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் பாட்டிலை மோந்து பார்த்தாள்.

"மச்சான், இது மெஷினுக்கு. எங்கக்காவுக்கு இல்ல. கொண்டு போயிருங்க."

அவள் பையிலிருந்து அசிட்டோன் பாட்டில், பஞ்சு, நகம் தேய்க்கும் அட்டை, பரோட்டாக் கடையில் பார்சல் மடிக்கும் பாயில் என்கிற வெள்ளித்தாள் எல்லாம் வெளியே வந்தன. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, "இது சட்டுன்னு தீப்பிடிக்கும்க்கா, பக்கத்துல அடுப்பு கிடுப்பு எரியக் கூடாது" என்றாள்.

தீ என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குப் பழைய தைரியம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது.

"தீயப்பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்று எழுந்தாள். சிலிண்டரை மூடினாள். சாமி விளக்கைக் குளிர வைத்தாள். ஊதுபத்தியைத் தண்ணீரில் நனைத்தாள். வாளியில் மணலும் இன்னொரு வாளியில் தண்ணீரும் பக்கத்தில் வந்தன. போன்கள் எல்லாம் வாசலுக்குப் போயின. நான் போட்டிருந்த நைலான் கவுனைக் கழற்றச் சொல்லிப் பருத்திப் பாவாடை கட்டிவிட்டாள். சித்தியின் மினுமினு துப்பட்டாவையும் உருவிக் கொடியில் போட்டாள். கம்பெனியில் பட்டாசு மருந்து அறைக்குள் போவதற்கு என்னென்ன சட்டம் உண்டோ அத்தனையும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அமலுக்கு வந்தன.

"ஒரு சின்ன பாட்டிலுக்கு இம்புட்டு அமர்க்களமா?" என்று சித்தி சிரித்தாள்.

"சின்னதுதான் முதல்ல பத்தும்" என்றாள் அம்மா.

அதன் பிறகு சித்தி சொன்னதை எல்லாம் கேட்டு அடக்கமாக உட்கார்ந்தாள். சித்தி ஒவ்வொரு நகத்தின் மேலும் அட்டையால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுத்தாள். நகத்தைச் சுற்றித் தோலில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அசிட்டோனில் நனைத்த பஞ்சுத் துண்டை நகத்தின் மேல் வைத்துப் பாயில் தாளால் விரல் நுனியைச் சுற்றினாள். புண்ணாகியிருந்த கட்டை விரலில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்துக்கு ரொம்பக் கொஞ்சமாகத்தான் வைத்தாள். அப்படியும் அம்மா பல்லைக் கடித்தாள்.

"கால் மணி நேரம் அசையாம இரு. அதுவா ஊறிக் கெளம்பும். கெளம்பலைன்னா திரும்பச் சுத்தணும். பிச்சு இழுக்கவே கூடாது, என்ன?"

பத்து விரல்களிலும் வெள்ளிக் குல்லாய்களோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூக்கு அரித்தால் நான் சொறிந்துவிட்டேன். தண்ணீர் கேட்டால் வாயில் ஊற்றினேன். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அப்போதுதான் அம்மா, "ஏ பாப்பா, சீப்ப எடுத்துட்டு வா. தலையப் பின்னு" என்றாள்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். நாலாப்பு படிக்க, இன்னும் நான் பின்னணுமா? என் கைதான் கட்டிக் கெடக்குல்ல."

எனக்கு நானே பின்னத் தெரியாது. அம்மா வெள்ளி விரல்களை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வகிடு நேராக எடு, மூன்றாகப் பிரி, ஓரத்துக் கற்றையை நடுவில் கொண்டுவா, இறுக்கிப் பிடி. எனக்குக் கை வலித்தது, முடி நழுவியது. சித்தி பின்னிவிட எழுந்தாள்.

"நீ உக்காரு. அவளே பின்னட்டும்."

முதல் சடை தேங்காய் நார் போல வந்தது. அவிழ்த்துத் திரும்பப் பின்னச் சொன்னாள். நடுவே சித்தி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ஊறியிருக்கும். எடுத்துப் பாக்கட்டா? ரொம்ப வச்சா தோலு காஞ்சு போகும்."

"இரு புள்ள. இன்னொரு சடை இருக்கு."

சித்தி வெள்ளித்தாள் சுருளை எதற்கோ பிரித்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது சடையையும் முடித்து ரிப்பன் கட்டினேன். கோணல்தான், ஆனால் அவிழவில்லை. அம்மா என்னைத் திரும்பச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தாள். "ம், நான் இல்லைன்னாலும் இது போதும்" என்றாள். பிறகுதான் கைகளைச் சித்தியிடம் நீட்டினாள்.

பாயிலை உருவியபோது மெரூன் பாம்புச் சட்டை போலச் சுருங்கி நகத்தை விட்டு எழும்பியிருந்தது. சித்தி ஐஸ் குச்சியால் தள்ளினாள், வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு விரல்களில் மட்டும் பிடிவாதமாக ஒட்டியிருந்தது. அவற்றைத் திரும்பச் சுற்றி வைத்து எடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவினாள். கட்டை விரலைத் தவிர மற்ற நகங்களுக்கு ஒரு கீறல் கூட இல்லை. அம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா கிட்டே வந்து பார்த்துவிட்டு, "நம்ம கெமிக்கலும் இப்பிடித்தான் எடுத்திருக்கும்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கட்டியைச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சித்தி எங்களோடு தங்கினாள். நானே இரட்டைச் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர்கூடக் கேட்டார், யார் பின்னிவிட்டது என்று. பெருமையாக நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அம்மா வீடு திரும்பிய மறுநாள் காலை, பின்னி முடித்த சடையோடு அவள் முன்னால் போய் நின்றேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, இரண்டு ரிப்பன்களையும் உருவினாள்.

"இது என்ன சடை, எலிவாலு மாதிரி."

"நல்லாத்தான் இருக்கு! எனக்கே பின்னத் தெரியும்ல!"

"தெரிஞ்சா இருக்கட்டும். இன்னைக்கு நான் பின்னுறேன்."

குனியக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதைக் காதில் வாங்காமல் மெதுவாக, முடியை இழுக்காமல், வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு பின்னினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல சடையை அவிழ்த்ததற்கு நான்தான் அழ வேண்டும். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி எதற்காக முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.