மணப்பெண் ஏறிய பஸ்ஸில் மூன்று காலி சீட்டுகள்

1. நேமம் தாண்டியதும்

அன்று காலை நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு வரும் வண்டியில் நான் கண்டக்டர். ஆபீஸ் நேரம், படிக்கட்டு வரை ஆள். டிக்கெட் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் பின்னாலிருந்து முன்னால் வந்து சேர்வதற்குள் வண்டி நேமம் தாண்டிவிட்டது. அங்கே, ஸ்டாப்பே இல்லாத ஓர் இடத்தில், டிரைவர் பிஜு வேகத்தைக் குறைத்தார்.

"சேச்சி, ஒரு கல்யாணப் பெண்ணு கை காட்டுது. நிறுத்தட்டே?"

குனிந்து பார்த்தேன். ரோட்டோரம் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு புகைந்தது. பக்கத்தில் அரக்குப் பட்டும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண். அவளுடன் வெள்ளை வேட்டியில் அவள் அப்பா. ஸ்டாப் இல்லாத இடத்தில் ஆள் ஏற்றினால் மேலே பதில் சொல்ல வேண்டியது நான்தான். ஆனால் அந்தப் பெண் அழக் காத்திருப்பவள் போல நின்றாள். மணிக் கயிற்றை இழுத்துவிட்டேன்.

பெண் பெயர் செல்வி. பத்தரைக்குள் முகூர்த்தம், மண்டபம் பழவங்காடி பக்கம். உறவுக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு வந்து முப்பது வருடமாகிறது. இவ்வளவும் நான் இரண்டு டிக்கெட் அடிப்பதற்குள் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

2. யாரும் உட்காராத சீட்டு

லேடீஸ் சீட்டில் இருந்த மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"மோளே, இங்க இரி!"

"வேண்டாம் சேச்சி. உக்காந்தா மடிப்பெல்லாம் கலைஞ்சிடும். ஒரு மணி நேரம் நின்னு கட்டினது" என்றாள் செல்வி. "எங்க அப்பாவ உக்கார வைங்க. அவருக்கு முட்டு சரியில்ல."

அவர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அது பொம்பளைய சீட்டுல்லா. நான் உக்கார மாட்டேன்."

எழுந்த மூவரும் மறுபடி உட்காரவில்லை. கொடுத்த இடத்தில் திரும்பப் போய் உட்காருவதை எங்கள் ஊரில் யாரும் மரியாதையாக நினைக்க மாட்டார்கள். ஆக, மூச்சு விட இடமில்லாத வண்டியில் மூன்று சீட் காலி. சீனியர் சிட்டிசன் சீட்டிலிருந்த ஒரு பெரியவர் தடியை ஊன்றி எழப் பார்த்தார். செல்வியின் அப்பா பதறினார். "ஐயா, நீங்க எந்திரிச்சா நான் இப்பவே இறங்கிருவேன்!"

வண்டி முழுக்கச் சிரிப்பு. அந்த நேரம் பிஜு ஒரு பிரேக் போட்டார். செல்வியின் அப்பா முட்டி மடங்கிப் பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்தார். முகம் வெளிறிவிட்டது.

"அப்பா, மணையில உக்காந்து நீங்கதான தாரை வாக்கணும்? இப்பவே முட்டு போச்சுன்னா என்ன செய்வீங்க?" செல்வி கேட்டாள்.

"அண்ணாச்சி, கண்டக்டர் நான் சொல்றேன். உக்காருங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "முன்ன ஒருக்க தெரியாம இந்தச் சீட்டுல உக்காந்துட்டேம்மா. அன்னைக்கு வேலை முடிஞ்சு நிக்க முடியல. ஒரு கண்டக்டரம்மா அத்தனை பேரு முன்னால கத்தி எழுப்பி விட்டாவ. அதோட இந்தப் பக்கமே வாரதில்ல."

அது நானாகவும் இருக்கலாம். சேர்ந்த காலத்தில் இந்த ரூட்டில் எனக்கு 'சீட்டு போலீஸ்' என்றே பெயர். யாரை எழுப்பினேன், அவர்களுக்கு என்ன வலி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தீர்த்து வைத்தது செல்விதான். பட்டென்று ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேர மடிப்பு ஒரு நொடியில் கசங்கியது.

"இப்போ இது என் சீட்டு. பக்கத்துல வாங்கப்பா. மக பக்கத்துல உக்காந்தா யாரு என்ன சொல்வா?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா!" என்று லேடீஸ் பக்கமிருந்து கூட்டமாகக் குரல் வந்தது. அவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். கரமனை வரும்போது நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். மகள் கை அவர் கைக்குள் இருந்தது.

3. பத்துப் பதினெட்டுக்கு

கிள்ளிப்பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. அந்த நேரத்தைப் பெண்கள் வீணாக்கவில்லை. ஒருத்தி பையிலிருந்து சேஃப்டி பின், இன்னொருத்தி சீப்பு. செல்வியை எழுப்பி நிறுத்தி, சுற்றி நின்றுகொண்டு, கொசுவத்தை முழுக்கப் பிரித்து மறுபடி மடித்தார்கள். ஆண்கள் யாரும் சொல்லாமலே வெளியே பார்த்தார்கள். ஆபீஸில் விரல் வைக்கும் பஞ்சிங் நேரம் போய்விட்டதே என்று புலம்பிய ஒரு செக்ரட்டேரியட்காரிதான் கடைசிப் பின்னைக் குத்தினாள்.

"முந்தியதவிட இதுதான் நல்லா இருக்கு, கேட்டோ!"

உண்மையிலேயே நன்றாக இருந்தது. பத்துப் பதினெட்டுக்கு மண்டப வாசலிலேயே பிஜு நிறுத்தினார். அங்கேயும் ஸ்டாப் கிடையாது. நாதஸ்வரக்காரர் பஸ்ஸைப் பார்த்து வாசிப்பதை நிறுத்திவிட்டார். வண்டி முழுக்கக் கைதட்டல். வண்டி கிளம்ப டபுள் பெல் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் டிப்போவுக்குச் செல்வியின் அப்பா வந்தார். கையில் போளியும் ஒரு தூக்குப் பால்பாயசமும். "மணையில நல்லா உக்காந்தேம்மா" என்றார். அந்தப் பழைய கண்டக்டர் நானாக இருந்தால் மன்னிக்கணும் என்றேன். "யாரா இருந்தா என்ன, நேத்து நிறுத்தினது நீங்கல்லா" என்று சொல்லிவிட்டு, பாயசம் ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார்.

இப்போதும் லேடீஸ் சீட்டிலிருந்து ஆண்களை எழுப்புகிறேன். சட்டம் சட்டம்தான். ஆனால் பக்கத்தில் போய்க் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சேட்டா, நிக்க முடியும் அல்லே?" என்று கேட்கிறேன். முடிகிறவர் உடனே எழுந்துவிடுகிறார். முடியாதவர் முடியாது என்கிறார், அவருக்கு வேறு இடம் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் கண்டக்டர்களே, இந்தக் கேள்விக்கு மூன்று விநாடிதான் ஆகும். டிரிப் ஒன்றும் லேட் ஆகாது.