நிற்கவைத்து அளந்த டொக்டர்

இந்த மாதம் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. துறைமுகப் பட்டறைக் கதவை நான் திறக்குமுன் மூன்று பேர் செய்தி சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னார்கள். காவலாளி மாரடைப்பு என்றார். ஸ்டோர்க்காரர் மூளையில் இரத்தக்கசிவு என்றார். மூன்றாமவர், "யோசிச்சு யோசிச்சே செத்துப்போனார்" என்றார். டொக்டர் ஞானசேகரம் இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் ஒத்துப்போனது. காரணம் எதையும் நான் நம்பவில்லை.

சனிக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் இதை வாசிக்கும்போது எதிரே இருக்கப்போகிற பலர், அவர் இரத்த அழுத்தம் அளக்கப் படுத்து எழும்பியவர்கள். ஏன் அப்படிப் படுத்து எழும்பச் சொன்னார் என்று அநேகமானோர் கேட்டிருக்க மாட்டீர்கள். நாம் எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். நாம் நினைக்காமலே சில நரம்புகள் குழாய்களை இறுக்கி அதைத் தலைக்கு ஏற்றும். அந்த நரம்புகள் பழுதானால் ஆள் விழுவான். துறைமுகத்தில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றித்தான் டொக்டர் ஆராய்ந்தார்.

ஊரைச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டு, ஆளைப் படுக்கவைத்து மெல்ல நிமிர்த்தக்கூடிய கட்டில் ஒன்று வேண்டும் என்றார். பழைய ஸ்ட்ரெச்சரையும் படகு இழுக்கும் வின்ச்சையும் ஒட்டிச் செய்து கொடுத்தேன். "முதல்ல நீர் படும், ஐசே" என்றார். படுத்தேன். அவர் ஒரு தரம் அளந்தார், தாதி ஒரு தரம் அளந்தா. ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியக்கூடாது. ஏன் என்று கேட்டேன். "எனக்கு என்னிலயே நம்பிக்கை இல்லை. தாதிக்கு என்னில பயம். பிறகு எப்பிடி சரியான இலக்கம் வரும்?"

கிரேன் ஓட்டும் காதர் கிண்ணியாக்காரர்; அண்ணன் முறைக்கு நாங்கள் காக்கா என்போம். ஏணியடியில் இரண்டு முறை விழுந்தார். குடித்திருப்பார் என்று மேலதிகாரி எழுதினார். காக்கா டொக்டரிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "குடிச்சிருந்தா விழுறதுல ஒரு ஞாயம் இருக்கும் டொக்டர். ஒண்டும் குடிக்காமலே விழுறன்." கட்டிலை நிமிர்த்தியதும் அழுத்தம் சரிந்தது. நோய்தான் என்று எழுதிக் கொடுங்கள், வேலை போகப்போகிறது என்று நான் அவசரப்படுத்தினேன். "நோன்பு காலம், தம்பி. தண்ணி இல்லாத உடம்பு. பெருநாள் முடிய அளப்பம்." எனக்கு எரிச்சல். பெருநாள் முடிந்தும் சரிந்தது. அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தார். உப்பும் தண்ணீரும் கூட்டச் சொன்னார், காலுக்குத் துணி சுற்றவைத்தார், ஏணியில் ஏறுமுன் நின்று பொறுக்கச் சொன்னார். காக்கா பிறகு விழவில்லை.

செத்தவீட்டில் டொக்டரின் மனைவியிடம், எப்படி விழுந்தார் என்று நேரடியாகவே கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.

"கட்டிலால எழும்பினவர், தம்பி. கதவடிக்குப் போகேல்ல."

"புதுசா மருந்து ஏதும்?"

"பிறஷருக்கு ஒரு குளிசை. நான்தான் ராவில எடுத்துக் குடுக்கிறனான்."

"நிற்கவைத்து அளந்தவையோ?"

"ஒருத்தரும் அளக்கேல்ல. நான் சொன்னனான். தனக்குத் தேவையில்லையாம்."

ஊர் முழுவதையும் எழுப்பி அளந்தவர் தன்னை அளக்கவில்லை. இதில் எனக்கு அவர்மேல் கோபம்.

குளிசைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. "ஒருக்கா நடந்ததை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது" என்பது அவர் வார்த்தை; அவர் சாவுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தக் குளிசைப் போத்தலில் இருந்த பெயரைப் பார்த்தேன். புதிதாக வந்த டொக்டர் காதர் காக்காவைப் படுக்கவைத்து அளந்துவிட்டு, அழுத்தம் கூடுதல் என்று எழுதிக் கொடுத்திருப்பதும் அதே குளிசைதான். காக்கா இன்னும் அதைத் தொடங்கவில்லை. குடித்தால்தான் திங்கட்கிழமை தகுதிச் சான்று; சான்று இல்லாவிட்டால் வேலை இல்லை. குடித்துவிட்டு ஏணியில் ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதலாமா என்று டொக்டரின் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்கோ. அந்த மனுசன் விழக்கூடாது" என்றா.

டொக்டர் ஞானசேகரத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தச் சந்தேகத்தைத்தான். இனிச் செய்யப்போவது:

1. திங்கள் காலை காக்காவோடு புது டொக்டரிடம் போவேன். நிற்கவைத்து அளக்கும்வரை வெளியே வரமாட்டேன்.

2. தாதியும் தனியாக அளக்கவேண்டும் என்று கேட்பேன். கோபித்தால் கோபிக்கட்டும்.

3. அழுத்தம் சரிந்தால், குளிசையை மாற்றும்வரை காக்காவைக் கீழே வேலைக்கு விடச் சொல்லித் தொழிற்சங்கத்தில் எழுதிக் கொடுப்பேன். அழுத்தம் இறங்காவிட்டால் நான் சொன்னது பிழை என்று உங்கள் எல்லாருக்கும் சொல்வேன்.

4. இரண்டில் எது நடந்தாலும், அன்று பின்னேரம் டொக்டரின் மனைவியிடம் போய், குளிசை எடுத்துக் கொடுத்த கையில் குற்றம் இல்லை என்று சொல்வேன். அதை மட்டும் நான் அளந்து பார்க்கத் தேவையில்லை.