உறைக்கு ஒரு வாளி சேறு

நுரையண்ணனுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. கோபத்தால் வந்திருந்தாலும் தப்பில்லை. உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் தொழிற்சாலையின் பின்புறம், மாவும் எண்ணெயும் கலந்து வரும் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பழைய தொட்டி அவர் பொறுப்பு. தொட்டிக்குள் நுரை பொங்கக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றிலுள்ள கிருமிகள் அழுக்கைத் தின்னும், சேறு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் ஓடைக்குப் போகும். தெளியாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் வந்து ஓடைக்குத் திறக்கும் வால்வுக்கு சீல் வைப்பார். அந்தத் தொட்டியை நம்பியிருக்கும் வறுவல் பிரிவு நின்றுவிடும். அதில் பொட்டலம் கட்டுகிற அண்ணனின் மனைவியும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பக்கத்தில் புதுத் தொட்டி வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதற்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அவள் தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மேனேஜர் அதில் ஒரு பாட்டிலைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அண்ணனுக்கு வயிறு எரிந்தது. தன் காற்று வால்வைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும். திருகியது போதுமா என்றுகூடப் பார்க்காமல், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். அவள் சாப்பிடப் போனால் அந்தத் தண்ணீரை அள்ளி முகர்ந்தும் பார்ப்பார். வாசனையே இருக்காது. அதுவும் எரிச்சல்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சட்டையை வெளிக்கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு எங்ககூட உக்காந்து சாப்பிட்டா. அவமேல துளி நாத்தம் இல்லீங்க" என்றாள் மனைவி.

"ஆமா, சென்ட் தொட்டியில வேலை பாக்குறா!"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

ஆய்வாளர் நாளைக் காலை வருகிறார் என்று செய்தி வந்தது. இரண்டு தொட்டித் தண்ணீரும் பாட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், தன்னுடையது மங்கலாகத் தெரியும் என்ற ஒரே நினைப்பு அண்ணனைக் குடைந்தது. மங்கலானாலும் போன முறை தேறிய தண்ணீர்தான். ஆனால் தேறினால் மட்டும் பொறாமை அடங்குமா? சேறு படியாமல் மிதந்தால் ஒரு கை பிளீச்சிங் பவுடர் போடுவது தொட்டிக்காரர்கள் வழக்கம். அண்ணன் மூட்டையையே கவிழ்த்தார்.

காலையில் தொட்டி அரிசி கழுவிய நீர் போல வெளுத்துக் கிடந்தது. ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"கொஞ்சம்தான் சார்."

"கொஞ்சமா? ஒரு கிருமிகூட மிச்சம் இல்லாம கொன்னுட்டீங்க. தொட்டிக்கு உயிர் வந்து தண்ணி தெளியட்டும், அப்புறம் வால்வைத் திறக்கலாம்."

சீல் வைத்துவிட்டார். பொட்டலம் கட்டுகிறவர்கள் பையோடு வெளியே வந்தார்கள். மனைவி பார்த்த பார்வையில், மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

செத்த தொட்டிக்கு உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். தயிருக்கு ஊற்றுவது போலத்தான், இங்கேயும் அதற்குப் பெயர் உறை. உயிருள்ள சேறு பக்கத்துத் தொட்டியில் இருந்தது. அண்ணன் வாளியோடு போய் அவள் முன்னால் நின்றார்.

"உறைக்குக் கொஞ்சம்..."

"கொஞ்சம் என்னண்ணே, வேணுங்கிற மட்டும் எடுத்துக்குங்க. உங்க வீட்டுச் சொத்துதானே?"

"என்ன, கிண்டலா?"

"நெஜமாத்தாண்ணே. இந்தத் தொட்டிக்கு உறையே உங்க தொட்டியிலேர்ந்துதான் எடுத்தாங்க. நீங்க அப்போ மச்சான் கல்யாணத்துக்கு லீவுல போயிருந்தீங்களாம்."

கேட்டதும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அண்ணனுக்கோ இன்னும் எரிந்தது. தன் சேறுதான்! தன்னிடம் இருந்தவரை மங்கல், இவள் கைக்குப் போனதும் கண்ணாடி.

"அப்படி என்னதாம்மா பண்றே நீ?"

"ஒண்ணும் பண்றதில்லண்ணே. என் தொட்டியைப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

அண்ணன் வாளியை நிறைத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பி, அவள் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். வாளி சாய்ந்து, பாதி உறை அவர் காலிலேயே கொட்டியது.