கேமராவுக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர்

சென்ற மாதம் ஒரு வாரம் முழுக்க, தாராவியில் எங்கள் மாடி அறைக்குள் ஓர் ஆள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அப்படி ஓர் ஆள் உண்மையில் கிடையாது. மகள் கவிதாவின் லேப்டாப்பைத் திறந்தால் வருவான், மூடினால் போய்விடுவான். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். இங்கே இப்போது வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு வீடியோவோடு நம்மைப் பேசவிட்டுப் பார்க்கிறார்கள். திரையில் ஒருவன் கோபப்படுவான். அவன் நிறுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். ஒரு நிமிடத்துக்குள் நாம் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, நமக்குப் பொறுமை உண்டா, பரிவு உண்டா என்று பார்த்து மார்க் போடுவார்கள். சாஃப்ட் ஸ்கில் என்று பெயர்.

இங்கே பக்கத்தில் சுனாபட்டியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினொரு வருடம் ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்தவள் நான். டாக்டருக்கு வயதாகிவிட்டது, கிளினிக்கை மூடப்போகிறார். செம்பூரில் புதிதாகத் திறக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் அதே வேலைக்கு எழுதிப்போட்டேன். சம்பளத்தைவிட என்னை இழுத்தது லீவுதான். கிளினிக்கில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் கேட்டாலே டாக்டர் முகம் சுண்டிவிடும். ஊருக்கு, தென்காசிக்கு, ரயிலில் போய்த் திரும்பவே அது போதாது. அப்பாவை நேரில் பார்த்து நாலு வருடம் ஆகிறது. புது வேலையில் வருடத்துக்குப் பதினைந்து நாள் என்று போட்டிருந்தார்கள். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் சாரல் அடிக்கும்; தேர்வுக்கு முன்பே, "சாரலுக்கு வந்துருதேன்ப்பா" என்று போனில் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

தேர்வு அன்று திரையில் வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் வியர்வை. அம்மாவைக் கூட்டிவந்து இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன், கேட்க ஆளில்லை என்று இந்தியில் கத்தினான். உதடு காய்ந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு திரும்பினேன். லேப்டாப்பைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. அதற்குள் நிமிடம் முடிந்து, "நன்றி" என்று திரை அணைந்துவிட்டது.

கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மம்மி, அந்த ஆளு ரெக்கார்டிங். பானி எப்டி பியேகா?" தண்ணீரை அவன் எப்படிக் குடிப்பான் என்கிறாள்.

அவளுக்குச் சொன்னால் விளங்காது. அப்பா பஸ் கண்டக்டர். பஸ்ஸில் சில்லறைக்கும் சீட்டுக்கும் சண்டை போட்டவர்கள் சில நேரம் வீடு தேடி வந்தும் சத்தம் போடுவார்கள். அப்பா பதிலே பேசமாட்டார். உள்ளே போய்ச் சொம்போடு வருவார். "தண்ணியக் குடியும் வே, பொறவு ஏசும்" என்பார். குடித்து முடித்தவருக்குப் பாதி ஏச்சு மறந்திருக்கும். கிளினிக்கில் நானும் மேசைக்குப் பக்கத்தில் மண்பானை வைத்திருந்தேன். எத்தனை சண்டையை அது தீர்த்திருக்கிறது! கோபமாக இருக்கும் ஒருவரைப் பார்த்தால் என் கால் தானாக எழுந்துவிடும்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து ஸ்நேஹல் என்ற மராத்திப் பெண் போன் செய்தாள். பாதியில் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் எடுக்க என்றேன்.

"பியாஸ் லகீ தீ ஆன்ட்டி?" தாகமா என்கிறாள்.

"முஜே நஹீ. உஸ்கோ." எனக்கில்லை, அவனுக்கு என்றேன்.

 பிறகு, "தபியத் டீக் ஹை நா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துவிட்டாள் பாவம். ஆனாலும் நல்ல பெண். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை எழுதலாம், கேமராவை விட்டு மட்டும் நகராதீர்கள் என்றாள்.

அந்த வாரம்தான் கவிதா அதே மாதிரி வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டு என்னைப் பழக்கினாள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதற்கு என்ன செய்யமுடியும் என்று பார்க்கிறேன். இந்த இரண்டு வாக்கியமும் இந்தியில், ஒரே குரலில், புருவம் லேசாக உயர்த்தி. எழுந்துவிடாமலிருக்க முந்தானையை நாற்காலிக் காலோடு கட்டிக்கொண்டேன். இரண்டாவது தேர்வில் அசையாமல் உட்கார்ந்தேன், தேறினேன். வேலைக்கான கடிதமும் வந்தது. முதல் ஆறு மாதம் லீவு எடுக்கக்கூடாது என்பது அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா போனபிறகு தனியாக இருக்கிறார். போனை மிக்ஸியில் சாய்த்துவைத்துவிட்டு எதிரே உட்காருவார். விஷயத்தைச் சொன்னேன்.

"சாரலுக்கு வாரேன்னு நீதான சொன்ன? நான் கேட்டனா? மாடி ரூமக் கழுவிப் போட்டு வச்சிருக்கேன். இப்பம் ஆறு மாசம்னு சொல்லுத!"

அவர் என்னிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. மன்னிச்சிருங்கப்பா என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்க வருத்தம் எனக்குப் புரியுதுப்பா. இதுக்கு என்ன செய்யமுடியும்னு பாக்கேன்."

அப்பா போனை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, நீ யார்ட்ட பேசுத?" என்றார்.

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. "அழாத, இரு" என்று எழுந்து போனார். திரையில் காலி நாற்காலியும் பின்னால் காலண்டரும் இருந்தன. குடத்தில் சொம்பு முங்கும் சத்தம் கேட்டது. "இந்தா, குடி மொதல்ல" என்று வேகமாக வந்தவர், போனுக்கு எதிரே நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க குடிங்கப்பா" என்றேன்.

நின்றபடியே அண்ணாந்து குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் கேமராவை விட்டு நகரவில்லை.