கம்பம் சாய்ந்த சுவர்

புயல் கடந்த மறுநாள். கிள்ளையில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் இல்லை. அதனால் மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, செல்போன் டவரும் செத்துக் கிடந்தது. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. நுரையீரல் கெட்டுப்போன என் வீட்டுக்காரர் கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினால்தான் மூச்சுவிடுகிறார். மெஷின் நின்றதிலிருந்து சிலிண்டர்தான். இருந்ததில் கடைசி சிலிண்டரின் முள் சிவப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது சிதம்பரத்திலிருந்து வரவேண்டும். அந்த வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது.

கடலூரிலிருந்து லைன்மேன்கள் வேறு வழியாக வந்தார்கள். மற்றதெல்லாம் சரிசெய்தாகிவிட்டது, எங்கள் வீட்டெதிரே ஒடிந்து விழுந்த கம்பம்தான் பாக்கி. டவருக்கும் மோட்டாருக்கும் லைன் அந்த வழியாகத்தான் போகிறது. புதுக் கம்பம் இருந்தது, ஆனால் கிரேன் சந்துக்குள் நுழையவில்லை. ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார்.

"சொறிஞ்சா நின்னுடுமா சார் கம்பம்?" என்று கத்திவிட்டேன்.

அப்போது எதிர்வீட்டு மீனவர் படகுக் கயிறுகளோடு வந்தார், பின்னால் தெரு ஆண்களெல்லாம். என் சுவரோரம் அவர் கருவாடு காயவைப்பார். அந்த வாடையில் இவருக்கு மூச்சு முட்டுமென்று தினம் ஏசுவேன். அந்த மனுஷன் எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பயப்படாத மச்சான். படகையே இழுக்குறோம், இது என்னா பெரிய கம்பம்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் வாசலில் நின்று ஒரு கூட்டம் இழுக்கவேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் பின்கயிற்றைப் பிடித்து, கம்பம் இந்தப் பக்கம் சாயாமல் நிறுத்தவேண்டும். "என்னா ஆனாலும் பின்கயித்த விடாதீங்க" என்றார் ஃபோர்மேன். ஏலேலோ கிளம்பியது. கம்பம் எழுந்தது, பாட்டும் ஏறியது. பின்னால் நின்றவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? படகு இழுக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம்தானே! கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து இந்தப் பக்கம் சேர்ந்து இழுத்தார்கள். ஐயோ மாதாவே! கம்பம் நிமிர்ந்த வேகத்தில் இந்தப் பக்கம் சாய, எல்லோரும் தெறித்து ஓட, என் காம்பவுண்டு சுவர் அதைத் தாங்கியது. சுவர் பாதி போச்சு, கம்பம் தப்பித்தது.

"பாட்டு வேணாம்யா!" என்று ஃபோர்மேன் கும்பிட்டார்.

"பாட்டு இல்லன்னா எங்களுக்குக் கை வராது சார்" என்றார் கருவாட்டுக்காரர்.

"நீங்க பாடுங்க. பின்னால பொம்பளைங்க நாங்க பிடிக்கிறோம்" என்றேன். படகு இழுத்துப் பழகாத எங்கள் கை பாட்டுக்கு ஓடாது. கரண்டு வருமென்று குழாயடியில் காத்து நின்ற பெண்களெல்லாம் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். ஆண்கள் இழுத்தார்கள்; நாங்கள் குதிகாலை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு விட்டோம். உள்ளே முள் எங்கே இருக்கிறதோ! கயிற்றைப் போட்டுவிட்டு இவரிடம் ஓடிவிடலாமா என்றிருந்தது. பிடியை விடவில்லை. கம்பம் நேராக நின்றது.

கம்பி கட்டி லைன் கொடுத்ததும் உள்ளே மெஷின் 'பீப்' என்றது. ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். "என்னயும் கொஞ்சம் பாருடி" என்றார் இவர்.

சுவரை இன்னும் கட்டவில்லை. அந்த இடைவெளி வழியாகக் கருவாடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. காக்கா விரட்டுவது நான்தான். வெயில் ஏறினால் வாடை உள்ளே வரும். இவர் மூச்சை நன்றாக இழுத்து, "இன்னிக்கு நெத்திலி" என்பார்.