ஒரே உதையில் ஸ்டார்ட் ஆன புல்லட்

நம்ம கிழட்டு புல்லட்டில் நேற்று, ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்க வைத்த பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியாச்சு. ஆறு வோல்ட் வயரிங்கும் பன்னிரண்டாகிவிட்டது.

இன்று குலசேகரத்தில் ஒரு கல்யாணம்.

எங்கள் வீட்டு வழக்கம், நான் கிக்கரை உதைக்கிற சத்தம் கேட்டால்தான் வீட்டுக்காரி பீரோவைத் திறந்து சேலையை எடுப்பாள். நான் வியர்த்து ஓய்வதற்கும் அவள் பூ வைத்து முடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

இன்று ஒரே உதை. வண்டி படபடவென்று தயாராக நிற்கிறது.

உள்ளேயிருந்து சத்தம்: "அதுக்குள்ளயா? மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியே ஆரம்பித்திருந்தது.

வாசலில் மச்சான் கேட்டான்: "என்னத்தான், இன்னைக்கும் வண்டி மக்கர் பண்ணிச்சா?"

புது இக்னிஷன் பெருமையை நான் அவிழ்ப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "பின்னே? எத்தன உதை உதைச்சாருன்னு நெனைக்க! பாவம்."

கூடவே என் கையில் ஒரு கிள்ளு. நானும் பாவமாகத் தலையாட்டினேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வண்டியைத் தள்ளிவிட மச்சானும் நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரே உதை.

வீடு வரை அவள் என் முதுகில் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

மக்கா, கழற்றின பாயிண்டைத் திரும்ப மாட்டித் தருகிற மெக்கானிக் யாராவது உண்டா?